கற்பிக்கக் கற்றல்

நுழையும்முன்

ஒரு பாடத்தை அறிந்திருத்தல் வேறு. அதனை அறியாதவர்க்கு அறிவித்தல் வேறு. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருவர் பள்ளி ஆசிரியராவதற்கு மேலும் ஈராண்டு பயில வேண்டியிருப்பது ஏன்? அக்காலத்தில் அவர் கற்றுக்கொள்வது என்ன? ஆங்கிலம், வரலாறு ஆகிய இரு பாடங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. உங்களுள் சிலர் நாளை இப்பணிக்கு வரக்கூடும். பிற பணிகளுக்குச் செல்வோரும், நாள்தோறும் தம் முன் நிகழும் ஒரு செயலை அதன் உள்ளிருந்து காணலாம்.

ஒரு மாணவரின் வினா

எட்டாம் வகுப்பு. வேலூர்ப் புரட்சி பற்றிய பாடம். கற்பிப்பவர் வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்ற பயிற்சி ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். புரட்சிக்கான காரணங்களை வரிசையாகக் கரும்பலகையில் எழுதுகிறார். புதிய சீருடை விதிகள், சமயக் குறிகளுக்கும் காதணிகளுக்கும் விதிக்கப்பட்ட தடை, தோலாலான பட்டை வைத்த புதிய தலைப்பாகை, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மைந்தர்கள் எனப் பட்டியல் நீள்கிறது. 1806 சூலை 10 அன்று விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் முழங்கியதையும், ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை விரைந்து வந்ததையும் தடையின்றிச் சொல்லி முடிக்கிறார். கூறியவற்றில் பிழை ஏதுமில்லை. அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, தலைப்பாகையை மாற்றச் சொன்னதற்காகவா இத்தனைபேர் உயிரைக் கொடுத்தார்கள்?" என்று கேட்கிறார்.

பயிற்சி ஆசிரியர் திகைக்கிறார். தலைப்பாகை ஒரு காரணம் என்பதை அவர் அறிவார்; தேர்வுகளில் பலமுறை எழுதியும் இருக்கிறார். தலைப்பாகை எப்படி ஒரு காரணமாகும் என்பதைப் பிறருக்கு விளக்கவேண்டிய தேவை மட்டும் அவருக்கு இதுவரை ஏற்பட்டதில்லை. அவ்வினா அறியாமையால் எழுந்ததன்று. பாடத்தைக் கூர்ந்து கேட்டதால் எழுந்தது. பட்டறிவுள்ள ஆசிரியராயின் அங்கே பட்டியலை நிறுத்திவிடுவார். தோளில் துண்டு அணிவதற்கும் காலில் செருப்பணிந்து தெருவில் நடப்பதற்கும் நம் ஊர்களில் யாரெல்லாம் தடுக்கப்பட்டனர் என்று பிள்ளைகளிடமே கேட்பார்; வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து வரச் சொல்வார். ஒருவர் உடுத்தும் துணிக்கும் அவரது மதிப்புக்கும் உள்ள உறவை உணர்ந்த வகுப்பு, மறுநாள் வேலூர்க் கோட்டைக்குள் தானே நுழைந்துவிடும்.

தெரிந்ததைச் சொல்வதற்கும் இவ்வாறு வழி காட்டுவதற்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதே ஆசிரியப் பயிற்சி. இத்தொலைவைத் தமிழ் இலக்கண மரபு முன்னரே கண்டிருக்கிறது. ஆசிரியர் ஆகாதவர்க்கு நன்னூலில் பவணந்தி முனிவர் கூறும் உவமைகளுள் இரண்டை இங்கு நினைத்துப் பாருங்கள். கழற்காய்களை இட்டு நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறைமாறிக் காய்கள் கொட்டும். பஞ்சடைத்த குடுக்கையோ சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போதும் வருந்திச் சிறிதே கொடுக்கும். இரண்டிலும் உள்ளே பொருள் இருக்கிறது. குறை, அது வெளிவரும் முறையில்தான். முதல்நாள் வகுப்பில் நிற்கும் பயிற்சி ஆசிரியர் பெரும்பாலும் கழற்குடமாகவே இருப்பார். அச்சத்தில், தாம் அறிந்தவை அனைத்தையும் முதல் பத்து நிமிடத்திலேயே கொட்டிவிடுவார்.

திண்ணையிலிருந்து சைதாப்பேட்டைக்கு

ஆசிரியர்க்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்னும் எண்ணம் ஐரோப்பியர் வழியாகவே நமக்கு வந்தது என்பர். அது முழு உண்மையன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவர் இளையோர்க்கு எழுத்தறிவித்தார். தாம் கற்பதோடு கற்பிக்கவும் பழகினார். எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த காப்பகப் பள்ளியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்பார்வையிட்டவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அவ்வழக்கத்தைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவரைக்கொண்டு இளையவர்க்குக் கற்பிக்கவும் செய்தார். 1797இல் இலண்டனில் இதுபற்றி அவர் நூல் வெளியிட்டபின், 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர்.

1854இல் வெளியான சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, ஒவ்வொரு மாகாணத்திலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட வேண்டும் என்றது. அதனைத் தொடர்ந்து 1856இல் சென்னையில் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர்ச் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்து வளர்ந்த அந்நிறுவனத்தைச் 'சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி' என்றே மூத்தோர் இன்றும் குறிப்பிடுவர். திண்ணையிலிருந்து கடல்கடந்து சென்றதன் ஒரு கூறு, அறுபதாண்டு கழித்து வேறு உருவில் திரும்பிவந்தது எனலாம்.

ஆறு நிமிட வகுப்பு

இன்றைய கல்வியியல் இளங்கலைப் படிப்பு, அதாவது பி.எட்., ஈராண்டுகளைக் கொண்டது. 2015ஆம் ஆண்டு வரை அது ஓராண்டாகவே இருந்தது. உளவியல், சமூகவியல், மதிப்பீட்டு முறை முதலிய தாள்கள் அதில் உண்டு. அவை தேவையானவையே. ஆயினும் பயிற்சி பெறுபவரை உண்மையில் மாற்றுவது செய்முறைப் பகுதிதான் என்பது என் கருத்து.

அதன் முதற்படி நுண்ணிலைக் கற்பித்தல். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. பாடவேளை முழுவதையும் எடுப்பதற்கு மாறாக, ஒரே ஒரு திறனை மட்டும் தேர்ந்துகொண்டு ஆறு நிமிடம் கற்பிக்க வேண்டும். பாடத்தைத் தொடங்கும் திறன், வினாக் கேட்கும் திறன், எடுத்துக்காட்டுடன் விளக்கும் திறன், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன் என ஒவ்வொன்றும் தனித்தனி. இந்தியாவில் பின்பற்றப்படும் சுழற்சியில், ஆறு நிமிடம் கற்பித்தபின் ஆறு நிமிடம் பிறர் குறைநிறை கூறுவர். பன்னிரண்டு நிமிடத்தில் பாடத்தைத் திருத்தி அமைக்க வேண்டும். மீண்டும் ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் கருத்துரை. ஆக மொத்தம் 36 நிமிடம். மாணவராக அமர்பவர்கள் உடன்பயிலும் பயிற்சி ஆசிரியர்களே. இருபத்து மூன்று வயதினர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்துக் கைதூக்கும் காட்சி சிரிப்பூட்டுவதுதான். அத்துணைப் பணிவான மாணவர்களைப் பிறகு எந்தப் பள்ளியிலும் அவர்கள் காணப்போவதில்லை.

வினாக் கேட்கும் திறனில் ஒரு நுட்பம் உண்டு. ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்டபின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, அது பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு நொடியே எனக் கண்டார். மூன்று நொடியாக நீட்டித்தபோது விடைகள் நீண்டன. அதுவரை வாய்திறவாத பிள்ளைகளும் பேசினர். மூன்று நொடி என்பது மிகச் சிறிதாகத் தோன்றும். நாற்பது முகங்கள் நோக்கி நிற்க, அமைதியாக மூன்று நொடி காத்திருந்து பாருங்கள். அது எவ்வளவு நீளம் என்பது அப்போது விளங்கும். ஒரு நொடிக்குள் விடை சொல்லக்கூடியவர், முன்னரே விடை அறிந்த மாணவர் மட்டுமே. ஆசிரியர் அவசரப்படும் வகுப்பில் அந்த நான்கைந்து பேருக்கே பாடம் நடக்கிறது, ஏனையோர் பார்வையாளர்.

ஆங்கிலம் கற்பிப்பவர்க்குத் தமிழ் எதற்கு?

ஆங்கில ஆசிரியராக விழைபவர் நல்ல ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நம் மாநிலத்தில் அவர் தமிழையும் இலக்கணத்தோடு அறிந்திருத்தல் வேண்டும். மாணவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை முன்கூட்டியே காட்டுவது தமிழ் இலக்கணமே.

மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது. வல்லின மெய் மொழிக்கு இறுதியிலும் வாராது என்று படித்திருக்கிறீர்கள். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றும், 'பேங்க்' என்பதைப் 'பேங்க்கு' என்றும் நம் நா ஒலிப்பது ஏன் என்பது இப்போது புரியும். அந்த நா தன் மொழியின் விதியைப் பிழையின்றிப் பின்பற்றுகிறது! இதனை அறிந்த ஆசிரியர், அவ்வாறு ஒலிக்கும் பிள்ளையை நோக்கி நகைக்கமாட்டார். பிறரை நகைக்கவும் விடமாட்டார். 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்று நான்காம் வேற்றுமையால் நாம் கூறுவதை ஆங்கிலம் 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்று எழுவாயில் தொடங்கும். மேசைக்குப் பின்னால் வரும் நம் 'மேல்', ஆங்கிலத்தில் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும். 'தி' என்னும் சுட்டுக்கு நேரான சொல் தமிழில் இல்லை; எனவே எங்கே இடுவது, எங்கே விடுவது என்னும் ஐயம் கல்லூரி வரையும் தொடர்கிறது. பயிற்சிக் காலத்தில் இத்தகைய இடங்களைக் குறித்துவைத்துக்கொள்பவர், பிழை நேர்ந்தபின் சிவப்பு மையால் வட்டமிடுவதைவிடப் பயனுள்ள பணியைச் செய்கிறார்.

விதிகளை மனப்பாடம் செய்வித்தால் மொழி வந்துவிடுமா என்பது பழைய வழக்கு. இதுபற்றி உலகம் உற்றுநோக்கிய ஓர் ஆய்வு தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்தது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் இலக்கணப் பாடத்திட்டம் இல்லாமலே ஆங்கிலம் கற்பிக்கச் செய்தார். இரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன நேரத்திற்குள் இன்ன ஊரை அடைய எந்த வண்டியில் ஏறவேண்டும் என்பதுபோன்ற செயல்கள் தரப்பட்டன. மாணவரின் கவனம் வண்டியைப் பிடிப்பதில் இருந்தது. ஆங்கிலம் அதற்கு வழியாக உடன்வந்தது. இன்று பல நாடுகளில் வழங்கும் 'செயல்வழி மொழிக்கற்பித்தல்' என்பதன் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. இலக்கணம் அறவே வேண்டா என்று இதனைக் கொண்டு வாதிடுவாரும் உளர். நான் அவ்வளவு தூரம் செல்லமாட்டேன்.

சான்றைப் பேசவைத்தல்

வரலாற்று ஆசிரியர் முன்னுள்ள இடையூறு வேறு. ஆங்கிலத்தில் மாணவர் தமக்குத் தெரியாது என்று அஞ்சுவர். வரலாற்றிலோ தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, மனப்பாடம் செய்தால் போதும் என்று கருதுவர். இதனை மாற்றும் வழி, முடிவைச் சொல்லுமுன் சான்றைக் காட்டுவதே.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தது. குடவோலை முறையை விளக்குவது. பயிற்சி ஆசிரியர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பாடம் இது. பானை ஒன்றைக் கொண்டுவந்து, ஓலை நறுக்குகளில் பெயரெழுதி இட்டு, சிறுவர் ஒருவரை எடுக்கச் செய்து வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். வகுப்பு மகிழும். பயிற்சி அந்த மகிழ்ச்சியோடு நின்றுவிட்டால் பாடம் பாதியே நடந்ததாகும். போட்டியிடுவோர்க்குரிய தகுதிகளைப் படித்துக்காட்ட வேண்டும்: வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் இருத்தல், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் அகவை, வேதப் பயிற்சி. கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை என்னும் விதியைக் கேட்டு மாணவர் வியப்பர். பிறகு ஆசிரியர் ஒரே ஒரு வினாவைக் கேட்டுவிட்டு மூன்று நொடி காத்திருக்க வேண்டும்: "அந்த ஊரில் யார் யார் பெயர் ஓலையில் எழுதப்பட்டிருக்காது?" நிலமற்றவர், பெண்கள், வேதம் ஓத இடம்பெறாதவர் என்று விடைகள் வரத்தொடங்கும். கல்வெட்டின் பெருமையும் எல்லையும் ஒருசேரத் தெரியும். பெருமையை மட்டும் கூறுவது எளிது. எல்லையை மட்டும் கூறி இகழ்வதும் எளிது. இரண்டையும் ஒரு பாடவேளைக்குள் வைப்பதற்கே பயிற்சி வேண்டும்.

இரு பாடமும் சந்திக்கும் இடம்

ஓராண்டுப் பயிற்சி இருந்த காலத்தில் இரு பாடங்களின் கற்பித்தல் முறைகளைப் பயில்வது வழக்கம். ஆங்கிலத்தையும் வரலாற்றையும் சேர்த்துப் பயின்றவர்கள் பலர். அச்சேர்க்கை தற்செயலாக அமைந்ததாயினும் பொருத்தமானதே.

ஆங்கில வகுப்பில் செயப்பாட்டு வினைக்குத் தரப்படும் பயிற்சித் தொடர்களைக் கவனியுங்கள். 'தஞ்சைப் பெரிய கோவில் இராசராசனால் கட்டப்பட்டது' என்பது போன்ற தொடர் அங்கே அடிக்கடி வரும். எழுவாயும் செயப்படுபொருளும் இடம்மாறியதும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. வரலாற்று வகுப்பில் அதே தொடரை வைத்துக்கொண்டு, "கட்டியவர் யார்?" என்று மீண்டும் கேட்கலாம். 1010இல் நிறைவுற்ற அக்கோவிலின் கல்வெட்டே குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் தச்சரின் பெயரைக் கூறுகிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும் அங்கு உள்ளன. கல் சுமந்தோரின் பெயர்கள் இல்லை. செயப்பாட்டு வினை, செய்தவரைச் சொல்லாமலே தொடரை முடிக்க இடம்தருவது. 'ஊர் எரிக்கப்பட்டது', 'நிலம் பறிக்கப்பட்டது' என்னும் தொடர்களில் எரித்தவரும் பறித்தவரும் மறைந்துவிடுவர். செய்தித்தாள் படிக்கும் மாணவருக்கு இவ்விலக்கணம் தேர்வுக்கு அப்பாலும் வேண்டும்.

சொல்தேர்விலும் இதுவே நிலை. 1806இல் வேலூரில் நிகழ்ந்ததை ஆங்கிலேய அலுவலர்கள் 'மியூட்டினி' என்றனர். படைவீரர் மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை என்பது அதன் பொருள். நம் நூல்கள் புரட்சி என்கின்றன. கலகம், கிளர்ச்சி, புரட்சி ஆகிய மூன்றும் ஒருபொருட் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் யார் பக்கம் நின்று பார்க்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க மொழி ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒருவரிடத்தே கூடவேண்டும்.

இருபது வாரங்கள்

ஈராண்டுப் படிப்பில் 20 வாரங்கள் பள்ளிகளில் கழியும். முதலாண்டு நான்கு, இரண்டாமாண்டு பதினாறு. பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் கடைசி இருக்கையில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்க, பயிற்சி ஆசிரியர் பாடம் நடத்துவார். ஒவ்வொரு பாடத்திற்கும் பாடக்குறிப்பு எழுத வேண்டும். நோக்கம், துணைக்கருவி, வினாக்கள், கரும்பலகைச் சுருக்கம் எல்லாம் அதில் இடம்பெறும். இங்கே ஒரு குறையைக் கூறாமலிருக்க இயலாது. வண்ணத்தாள் ஒட்டி, கட்டமிட்டு, பட்டுநாடா கட்டிய குறிப்பேடுகளுக்கு நேரமும் பணமும் மிகுதியாகச் செலவாகின்றன. 'மாணவர் இவ்விடத்தில் என்ன கேட்கக்கூடும்?' என்று ஓரத்தில் எழுதப்பட்ட ஒற்றைவரி, அந்த அலங்காரத்தைவிட மேலானது.

தனியாள் ஆய்வு என்பது பயிற்சியின் மற்றொரு பகுதி. ஒரு மாணவரைத் தேர்ந்து சில வாரங்கள் உற்றுநோக்கி எழுத வேண்டும். குறும்பு செய்பவரையோ முதலிடம் பெறுபவரையோ தேர்வது வழக்கம், எழுதுவதற்குச் செய்தி கிடைக்கும் என்பதால். எத்தொல்லையும் தராத, எவ்வினாவும் கேட்காத, பெயர்கூட நினைவில் நில்லாத பிள்ளையைத் தேர்பவர் குறைவு. அத்தகைய பிள்ளையின் குறிப்பேட்டைப் பார்த்தால், கரும்பலகையில் உள்ளவை எழுத்துப் பிசகாமல் இருக்கும். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திராது. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவராக அவர் இருக்கலாம். ஐயத்தைக் கேட்டுத் தெளிய வகுப்பறையன்றி அவருக்கு வேறு இடமில்லை. எட்டாம் வகுப்பில் அவர் கேட்காமல் விட்டது பத்தாம் வகுப்பில் தேர்வு முடிவாக வெளிவரும்.

பயிற்சிக்குப் பின்

ஆங்கிலம் அல்லது வரலாற்றில் இளங்கலை முடித்துப் பி.எட். பெற்றவர், ஆறு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியராகலாம். வரலாறு படித்தவர் கற்பிக்கவேண்டியது சமூக அறிவியல். அதில் புவியியலும் குடிமையியலும் பொருளியலும் அடங்கும். சோழரை மட்டும் அறிந்தவர் பருவக்காற்றையும் விளக்க ஆயத்தமாக வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டம் தேவை. மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் போன்றவற்றில், பன்னிரண்டாம் வகுப்பை அடுத்துப் பட்டப்படிப்பையும் கல்வியியலையும் நான்காண்டில் இணைத்துப் பயிலும் வாய்ப்பும் உண்டு.

ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் 150 வினாக்களைக் கொண்டது. சமூக அறிவியலைத் தேர்வோர்க்கு அதில் 60 வினாக்கள். அவர்களும் ஆங்கிலத்தில் 30 வினாக்களுக்கு விடையளித்தாக வேண்டும். தகுதி பெற்றோர் அனைவருக்கும் உடனே பணி கிடைப்பதில்லை. பணியிடம் அறிவிக்கப்படும்வரை பல ஆண்டுகள் காத்திருப்போரும், குறைந்த ஊதியத்தில் தனியார் பள்ளிகளில் பணியாற்றுவோரும் உளர். இத்துறையைத் தேர விரும்புபவர் இதனையும் அறிந்தே தேர்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ஆசிரியப் பட்டம் முன்னர் 'எல்.டி.' என்றும், பின்னர்ப் 'பி.டி.' என்றும் வழங்கியது, இன்று 'பி.எட்.' எனப்படுகிறது. பட்டத்தின் பெயர் மாறிய பின்னும், பட்டதாரி ஆசிரியரைப் 'பி.டி. அசிஸ்டெண்ட்' என்று கூறும் வழக்கம் பள்ளி அலுவலகங்களில் நிலைத்துவிட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைத் தேர்ந்து, ஆறாம் வகுப்பு மாணவர் ஐவருக்கு ஆறு நிமிடம் கற்பியுங்கள். அவர்கள் கேட்ட வினாக்களுள் நீங்கள் எதிர்பாராதவற்றை எழுதிவந்து வகுப்பில் கலந்துரையாடுக.

2. ஒரு வாரச் செய்தித்தாள்களிலிருந்து செயப்பாட்டு வினைத் தொடர்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றுள் செய்தவர் குறிப்பிடப்படாத தொடர்களைத் தனியே எழுதுக. அவர் யாரென்று செய்தியின் பிற பகுதியிலிருந்து அறிய முடிகிறதா?

3. ஆங்கிலச் சொற்களை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒலிக்கும் முறையைக் கேட்டு, மொழிமுதல், மொழியிறுதி எழுத்து விதிகளோடு ஒப்பிட்டு அட்டவணை அமைக்க.

4. ஆடை, அணி, காலணி தொடர்பாக உங்கள் பகுதியில் முற்காலத்தில் இருந்த தடைகளை மூத்தோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.